கொண்டை ஊசியும் ஒரு கேபிள் கார்டிகனும்

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறாயா என்று எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் கேட்காதவர் இல்லை. ராத்திரி ஏசி பஸ்ஸில் பெங்களூரு போய்ப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். நம் ஊருக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூலே போதும். தடித்த நூல் மட்டும் எடுக்காதீர்கள். பருத்தி கனமானது, கேபிள், அதாவது கயிறு போல முறுக்கிய பின்னல், போட்டால் இன்னும் நூல் தின்னும், தன் எடையிலேயே கீழே தொங்கிவிடும்.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் கைக்குப் பழகியிருந்தால், முன்னால் பட்டன் போடும் இந்த ஸ்வெட்டரை, அதாவது கார்டிகனைத் தொடங்கலாம்.

முதலில் பேட்டர்ன், அதாவது எப்படிப் பின்ன வேண்டும் என்று எழுதிய குறிப்பு. தனியாக வடிவமைக்கும் பலர் ராவெல்ரி போன்ற தளங்களில் பிடிஎஃப் ஆக விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். உள்ளே 84 (92, 100, 108) என்று எண்கள் வரிசையாக இருக்கும். உங்கள் அளவு மூன்றாவது என்றால், கடைசிப் பக்கம் வரை மூன்றாவது எண்ணையே பென்சிலால் வட்டமிடுங்கள். அளவு என்று போட்டிருப்பது உடம்பின் அளவா, முடிந்த உடுப்பின் அளவா என்பதையும் பாருங்கள்.

அடுத்து ஊசி. நான் சறுக்கிய இடம் இது. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மிமீ. பழைய பிரிட்டிஷ் கணக்கில் அதே 8 என்றால் 4 மிமீ. நான் கடையில் “எட்டாம் நம்பர்” என்று கேட்டு வாங்கி வந்து, முதுகுப் பாகம் முழுவதையும் பின்னி முடித்தேன். அது என் தங்கை மகளுக்குத்தான் சரியாக இருந்தது, அவளுக்குப் பத்து வயது. நம்பரை மறந்துவிட்டு மிமீ சொல்லிக் கேளுங்கள்.

இப்போது அளவு பார்க்க ஒரு மாதிரித் துண்டு. கேபிளையும் இதிலேயே பழகிவிடலாம். ஊசியில் 14 கண்ணி (நூல் வளையம்) ஏற்றுங்கள்.

1, 3-ஆம் வரிசை (நல்ல பக்கம்): 4 பர்ல், 6 நிட், 4 பர்ல்.
2, 4, 6-ஆம் வரிசை: 4 நிட், 6 பர்ல், 4 நிட்.
5-ஆம் வரிசை: 4 பர்ல். அடுத்த 3 கண்ணியைப் பின்னாமல் கேபிள் ஊசிக்கு மாற்றி முன்பக்கம் தொங்க விடுங்கள். அதற்கடுத்த 3 கண்ணியை நிட் செய்யுங்கள். பிறகு தொங்கும் மூன்றையும் நிட் செய்து, 4 பர்லோடு முடியுங்கள்.

இந்த ஆறு வரிசையும் திரும்பத் திரும்ப வந்தால் தாம்புக் கயிறு மாதிரி முறுக்கு எழும். முன்னால் தொங்கவிட்டால் இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். கேபிள் ஊசிக்காக அலைய வேண்டாம், வளைந்த கொண்டை ஊசி போதும். அம்மாவின் கொண்டையிலிருந்து உருவியதுதான் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

கேபிள் கஷ்டம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ அளவுதான் கஷ்டம். கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் துணி உள்ளே சுருங்கும். அதனால் பேட்டர்ன் கேபிளில் அளக்கச் சொன்னால் கேபிளிலேயே ஒரு கையகலத்துக்கு மேல் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளக்க வேண்டும். 10 செமீக்கு 18 கண்ணி கேட்டால், 180 கண்ணி 100 செமீ வரும். உங்கள் கை இறுக்கத்தில் 20 கண்ணி விழுந்தால் அதே 180 வெறும் 90 செமீதான். அரை மிமீ பெரிய ஊசிக்கு மாறி இன்னொரு துண்டு பின்னுங்கள்.

பேட்டர்னில் கட்டம் கட்டமாகப் பின்னலைக் காட்டும் சார்ட்டைக் கீழிருந்து மேலே படியுங்கள். நல்ல பக்க வரிசைகள் வலமிருந்து இடம், உள்பக்க வரிசைகள் இடமிருந்து வலம். முன்பாகம் இரண்டிலும் கேபிள் எதிரெதிராகச் சாய்கிறதா என்று பாருங்கள், பல டிசைன்களில் அப்படித்தான். கேபிள் போட்ட ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணியிலும் கோத்து வையுங்கள். தப்பு நடந்தால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும்.

துவைத்ததைக் கொடியில் போடாதீர்கள், நீண்டுவிடும். துண்டின் மேல் விரித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஐப்பசி மழை என்றால் இரண்டு நாள் ஆகும்.

பட்டனைக் கடைசியில் வாங்குங்கள். கார்டிகனையே நேரு வீதிக்கு எடுத்துப் போய், துளையில் நுழைத்துப் பார்த்து.