கையுறையை அழுக்குப் படாமல் கழற்றுவது எப்படி? (புதிதாக நர்சிங் பக்கம் வருபவர்களுக்கு)

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், கையுறை மாட்டிய கைகளில் ஒளிரும் ஜெல்லைத் தடவிவிட்டு, வழக்கம்போலக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், இடது கட்டைவிரல் நுனியில் ஒரு பொட்டு, இடது மணிக்கட்டில் ஒரு கீற்று, மூக்குக்கண்ணாடி ஓரத்தில் இன்னொன்று. கையுறை கழற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று அதுவரை நினைத்திருந்தவள் நான். அந்த ஜெல் ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து வந்த சீழாக இருந்திருந்தால்?

சரி, வேலைக்கு வருவோம். கை கழுவும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் நேரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: சோப்பும் தண்ணீரும் என்றால் தொடக்கம் முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. மோதிரம், வாட்ச், நீள நகம் எதுவும் வேண்டாம்.

1. மாட்டுவது

கை சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அளவு சரியாக இருக்கட்டும். பெரிய கையுறை விரல் நுனியில் மடங்கித் தொந்தரவு செய்யும், சின்னது கிழியும். என் ஓட்டு எப்போதும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்குத்தான். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கைக்கு இதமாக இருந்தாலும் சிலருக்கு அலர்ஜி, அது நோயாளிக்கும் இருக்கலாம். வினைல் சட்டென்று கிழிகிறது. வேறு வழியே இல்லை என்றால்தான் அதை எடுப்பேன்.

2. மாட்டிய பிறகு

கையுறையோடு போனை எடுக்காதீர்கள், பேனாவைத் தொடாதீர்கள், திரைச்சீலையை இழுக்காதீர்கள். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே நோயாளிக்கு டயப்பர் மாற்றிவிட்டு ஐ.வி. லைனை (நரம்பில் மருந்து ஏற்றும் குழாயை) தொடப்போனாலும் மாற்ற வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கையுறை மேலேயே சானிடைசரைத் தடவி அடுத்த வேலைக்குப் போவது அதைவிட மோசம்.

3. கழற்றுவது (இதை மெதுவாகப் படியுங்கள்)

வலது கையால், இடது கையுறையை உள்ளங்கைப் பக்கம் கிள்ளிப் பிடியுங்கள். விளிம்பில் பிடிக்கக் கூடாது, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். நான் விளிம்பிலேயே பிடித்தேன். வலது கையுறை என் இடது மணிக்கட்டில் உரசியது. அந்தக் கீற்று அப்படி வந்ததுதான்.

பிடித்ததை விரல் பக்கமாக மெல்ல உரியுங்கள், உள்பக்கம் வெளியே வரும். உரித்ததைச் சுருட்டி வலது உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள்.

இப்போது இடது கை வெறுங்கை. அதன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வலது கையுறையின் விளிம்புக்கு அடியில், தோலை ஒட்டி நுழையுங்கள். கட்டைவிரலை என்ன செய்வது? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு விரல் உள்ளே போனதும் கட்டைவிரல் தானாக வெளிப்பக்கம் வந்து பிடிக்கும். சட்டை, சாக்ஸ் எதைக் கழற்றினாலும் அப்படித்தானே செய்கிறோம், கைக்கு அது பழகிப்போயிருக்கிறது. அதனால் விரல்களை நுழைப்பதற்கு முன்பே கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துவிடுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே உரித்தால், முதல் கையுறை இரண்டாவதின் உள்ளே பொட்டலமாகிவிடும்.

படக்கென்று இழுக்காதீர்கள். ரப்பர் சுண்டும்போது ஒட்டியிருப்பது தெறிக்கும். என் கண்ணாடியில் விழுந்தது அதுதான்.

4. கழற்றிய பிறகு

குப்பையில் போட்டுவிட்டு உடனே கை சுத்தம். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போது பட்டிருக்கவும் செய்யலாம்.

கவுன், பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போட்டிருந்தால், நான் பின்பற்றும் வரிசை: முதலில் கையுறை, அப்புறம் கண்ணாடி, அப்புறம் கவுன், மாஸ்க் கடைசி. மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து எடுங்கள். உங்கள் வார்டில் வேறு வரிசை எழுதி ஒட்டியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

வீட்டில் பழக

புற ஊதா விளக்கெல்லாம் தேவையில்லை. கையுறை மாட்டிய கையில் வாட்டர் கலர் பெயின்ட்டைப் பூசிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். தோலில் கறை இருந்தால் இன்னொரு ஜோடி. எனக்கு ஆறாவது ஜோடியில்தான் சுத்தமாக வந்தது.

பிற்சேர்க்கை 1: கையுறை பாதி விரலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சானிடைசர் காய்வதற்குள் மாட்டுகிறீர்கள். ஊதி உலர்த்த வேண்டாம், அதுவாகக் காயும் வரை கைகளைத் தேய்த்துக்கொண்டே இருங்கள்.

பிற்சேர்க்கை 2: வீட்டில் வயிற்றுப்போக்கோடு இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், கையுறையைக் கழற்றிய பின் சானிடைசர் போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. வயிற்றுப்போக்கு என்றால் சோப்பும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கைத் தரும், சி.டிஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியாவின் வித்துகளை சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் கொல்லாது, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸிடமும் அது சரியாக வேலை செய்யாது. தேய்த்துக் கழுவும்போது அவை தண்ணீரோடு போய்விடும். குழாயைத் திருகி மூடுவதாக இருந்தால், கை துடைத்த பேப்பரை வைத்து மூடுங்கள்.