நடபைரவி தெரிந்தால் போதும்: ஆர்வோ பார்ட்டைக் கீபோர்டில் பிடிப்பது எப்படி?

எஸ்தோனியாவில் 1935-ல் பிறந்த இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் இசையை முதல் தடவை கேட்பவர்கள், "நாலு சுரம்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்பார்கள். கையால் வாசித்துப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். 1976-ல் அவர் எழுதிய 'ஃபூர் அலீனா' இரண்டே பக்கப் பியானோ உருப்படி. கர்நாடக இசையில் அலங்காரம் வரை பாடம் ஆனவர் அதன் சூட்சுமத்தை ஒரே மாலையில் பிடித்துவிடலாம்.

சட்ஜம் பி, அதாவது 7 கட்டை. வலது கை நடபைரவி ராகச் சுரங்களில் (மேற்கத்திய இசையில் இது மைனர்) மட்டுமே போகும். இடது கைக்கு ச, க, ப மூன்றுதான். வலது கையின் சுரத்துக்குக் கீழே, அதற்கு மிக அருகில் இருப்பதை இடது கை அதே நேரத்தில் அழுத்த வேண்டும். ரி வந்தால் ச. க வந்தாலும் ச-தான், இரண்டு கையும் ஒரே சுரத்தில் சேரக் கூடாது. ம, ப இரண்டுக்கும் க. த, நி, மேல் ச மூன்றுக்கும் ப.

இப்படியே ஆரோகணம் ஏறுங்கள். த-வில் நின்று கேளுங்கள். கீழே ப அரைச்சுரத் தொலைவில் இருப்பதால் இரண்டும் உரசும், ஒலி லேசாக அதிரும். வலது கை நி-க்கு நகர்ந்ததும், ப அப்படியே இருக்க, உரசல் தளரும். ராகம் மாறாமலே அடிக்கு அடி நிறம் மாறுகிறதே, பார்ட்டின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது. கமகம், அதாவது சுர அசைவு, சேர்த்தால் இது அழிந்துவிடும். சுரம் நேராக நிற்கட்டும்.

தாளம் போடாதீர்கள். பிரதியில் கறுப்புக் குறி குறுகியது, வெள்ளைக் குறி நீண்டது, அவ்வளவுதான் கணக்கு. தொடருக்கு ஒரு சுரம் கூடி நடுவில் எட்டு வரை போய், மறுபடி குறையும். வெள்ளைச் சுரம் நன்றாகத் தேய்ந்த பிறகே அடுத்த தொடர். ஒரே ஓர் இடத்தில் இடது கை விதியை மீறி ரி-யைத் தொடும். தன் கையெழுத்துப் பிரதியில் பார்ட் அங்கே ஒரு பூ வரைந்திருக்கிறார்.

உருப்படியின் அடியில் ஒலிக்கும் கீழ் ஸ்தாயி பி, 61 கீ உள்ள கீபோர்டில் கிடையாது. பயிற்சிக்குச் சுருதிப்பெட்டியை 7 கட்டையில் மெல்ல வைத்துக்கொள்ளலாம். ஆனால் உருப்படியில் அந்த ஒலி தானாகத் தேய்ந்துபோகும், சுருதி மாதிரி தொடராது. சஸ்டெய்ன் பெடல் அவசியம். ரிதம், ஆட்டோ கார்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புதுச்சேரி உப்புக்காற்றில் ஈரம் ஏறி இறங்க, பழைய பியானோக்கள் சீக்கிரம் சுருதி விலகும். பெடல் அழுத்தியபடியே வாசிக்கும் இசையில் அந்த விலகல் பல மடங்கு தெரியும், டியூன் செய்யாமல் தொடவேண்டாம்.

விரலுக்குப் பழகியதும், பார்ட் தந்தி வாத்தியக் குழுவுக்கு எழுதிய 1977-ன் 'காண்டஸ்' கேளுங்கள். ஏ மைனர் சுரவரிசை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், கூடவே ஒரு மணி. ஐந்து தந்திப் பிரிவுகளில் ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பாதி வேகம். ஒரே பாடத்தை மூன்று காலம், அதாவது மூன்று வேகத்தில், பாடிய காதுக்கு இது உடனே பிடிபடும். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே கேட்டால் தொடக்கம் அலைச் சத்தத்தில் போய்விடும். வீட்டில், ஃபேனை நிறுத்தி, ஹெட்போனில் கேளுங்கள். தொடக்கம் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றாதீர்கள், முடிவு காதைப் பிளக்கும். கடைசி ஒரு நிமிடத்தை முதலில் ஓட்டி அளவை வைத்துக்கொண்டு, பிறகு ஆரம்பத்திலிருந்து போடுங்கள்.