ட்ரெயின் சிமுலேட்டரில் முதல் மேஜை லேஅவுட்: இன்கில்நூக் போடுவது எப்படி?

ட்ரெயின் சிமுலேட்டரில் சொந்தமாக லேஅவுட், அதாவது ரயில் பாதை அமைப்பு, போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: இடம் ஏராளமாகக் கிடைக்கிறது. வீட்டில் மாடல் ரயில் வைப்பவருக்கு மேஜை முடிந்தால் லேஅவுட்டும் முடிந்தது. கணினியில் அந்தத் தடை இல்லை என்பதால் நாலு ஸ்டேஷன், ஒரு மலை, ஒரு பாலம் என்று இழுத்துக்கொண்டே போவோம், கடைசியில் எதுவும் முடியாது. அதனால் நாமாகவே ஒரு மேஜையைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டு முடித்து அன்றைக்கே ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்ன லேஅவுட் ஒன்றைப் போடுவோம்.

மென்பொருளாக ட்ரெயின்ஸ் சிமுலேட்டரை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த ஆரான் நிறுவனம் 2001இல் வெளியிட்டது, இப்போது என்3வி கேம்ஸ் கையில் இருக்கிறது. லேஅவுட் வரைவதற்குச் சர்வேயர், ஓட்டுவதற்கு ட்ரைவர் என்று இரண்டு பகுதிகள். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், ஆனால் செய்கிற வேலையின் வரிசை மாறாது.

எந்த லேஅவுட்?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு வட்டம். ரயில் சுற்றும், பத்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் அலுத்துவிடும். வட்டத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 175 மீட்டர். பிரிட்டிஷ் மாடல்களில் பரவலான ஓஓ அளவில், அதாவது 76இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது 2.3 மீட்டர் ஆகிறது. அப்படியென்றால் ஒரு முழு வட்டத்துக்கு 4.6 மீட்டர் அகல மேஜை வேண்டும்! கடையில் விற்கும் வளைவுத் துண்டுகள் பெரும்பாலும் அரை மீட்டர் ஆரத்தை ஒட்டியவைதான்.

அதனால் வளைவே பெரிதாக இல்லாத ஒன்றைப் போடுவோம். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடல்காரர் உருவாக்கிய இன்கில்நூக் சைடிங்ஸ். இரண்டே பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை), ஒரு ஷண்டிங் நெக் (வேகன்களை மாற்றிக் கோக்க எஞ்சின் முன்னும் பின்னும் போகும் பாதை), 8 வேகன், ஒரு எஞ்சின். ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. நெக்கில் எஞ்சினும் 3 வேகனும் மட்டும் பிடிக்கும். 8 வேகனில் சீட்டு குலுக்கி 5 எடுத்து, சீட்டு வந்த வரிசைப்படியே நீள சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். 8இலிருந்து 5ஐ வரிசையோடு எடுக்க 6,720 வழிகள் உண்டு, ஆகவே அலுக்காது.

படி 1: முதலில் ரயிலை அளங்கள்

பாதை போட்டுவிட்டு அப்புறம் ரயிலை வைப்பதுதான் வழக்கம். இங்கே தலைகீழ். இந்த விளையாட்டே நீளத்தில்தான் இருக்கிறது: 3 வேகன் நிற்க வேண்டிய இடத்தில் 4 நின்றுவிட்டால் புதிர் காலி.

சர்வேயரில் புது ரூட் திறந்தால் 720 மீட்டருக்கு 720 மீட்டர் சதுரமாக ஒரு வெற்று நிலம் வரும். பேஸ்போர்டு என்பது இதைத்தான். ஓஓ அளவில் பார்த்தால் இது ஒரு பக்கம் 9.5 மீட்டர் உள்ள கூடம், நமக்கு அதில் ஒரு மூலை போதும். நேராக ஒரு பாதை போட்டு, ரயில் கருவியில் ஒரே நீளமுள்ள 5 வேகனை வரிசையாக வைத்து, ரூலரால் முனைக்கு முனை அளங்கள். பழைய பிரிட்டிஷ் நான்கு சக்கர நிலக்கரி வேகன் என்றால் ஒன்று சுமார் 6 மீட்டர் வரும், 5க்கு 30. ஷண்டிங்குக்குக் கிளாஸ் 08 டீசல் எஞ்சின் எடுத்தால் அது சுமார் 9 மீட்டர். இந்திய பாக்ஸ்என் வேகன்தான் வேண்டும் என்றால் ஒன்றுக்கு 10.7 மீட்டர், ஐந்துக்கு 53.5. கீழே வரும் எண்களையெல்லாம் அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள்.

நான் கீழே சொல்லும் அளவுகள் 6 மீட்டர் வேகனுக்கும் 9 மீட்டர் எஞ்சினுக்கும் பொருந்துபவை.

படி 2: காகிதத்தில் கணக்கு

ஒவ்வொரு சைடிங்குக்கும் 2 மீட்டர் கூடுதலாக விடுங்கள். அதற்கு மேல் தாராளம் காட்ட வேண்டாம், 6 மீட்டர் மிச்சம் இருந்தால் இன்னொரு வேகன் உள்ளே நுழைந்துவிடும். ஆக நீள சைடிங் 32 மீட்டர், குட்டை சைடிங் 20, நெக் 29.

இந்த 32ஐயும் 20ஐயும் எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சூட்சுமம். பாயிண்டிலிருந்து அல்ல. பாயிண்டில் பிரிகிற இரண்டு பாதைகளும் கொஞ்ச தூரம் ஒட்டியே போகும், அங்கே வேகனை நிறுத்தினால் பக்கத்துப் பாதையில் வருவது உரசும். இரண்டுக்கும் போதுமான இடைவெளி கிடைக்கிற இடத்தை ரயில்வேயில் ஃபௌலிங் மார்க் என்பார்கள். சைடிங்கின் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். நம் லேஅவுட்டில் பாயிண்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி அது வரும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இடது முனையை பூஜ்யமாக வையுங்கள். 29இல் முதல் பாயிண்ட், 44இல் இரண்டாவது. முதல் பாயிண்டின் ஃபௌலிங் மார்க் 49இல், இரண்டாவதுடையது 64இல். நேராகப் போவது நீள சைடிங், 64லிருந்து 96 வரை. முதல் பாயிண்டில் இடப்பக்கம் பிரியும் குட்டை சைடிங் 69இல் முடியும், இரண்டாவதில் வலப்பக்கம் பிரிவது 84இல் முடியும். மொத்த நீளம் 96 மீட்டர். 76ஆல் வகுத்தால் 1.26 மீட்டர், ஒரு சாதாரண படிப்பு மேஜை அளவு!

படி 3: பாதை

பாதைக் கருவியை எடுத்து 0லிருந்து 96 வரை ஒரே நேர்கோடாக இழுங்கள், நேராக்கும் கருவியால் ஒருமுறை தட்டிவிடுங்கள். நிலம் தட்டையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், அப்போதுதான் பாதையும் மட்டமாக இருக்கும். ஏற்ற இறக்கம் இருந்தால் கழற்றி விட்ட வேகன் தானாக உருளும்.

29இலும் 44இலும் ரூலர் வைத்துப் பார்த்து ஒவ்வொரு ஸ்ப்லைன் புள்ளியை, அதாவது பாதைத் துண்டுகள் இணையும் புள்ளியை, செருகுங்கள். இந்தப் புள்ளி இருந்தால்தான் கிளைப்பாதை ஒட்டிக்கொள்ளும். 29இல் உள்ள புள்ளியில் தொடங்கி, 20 மீட்டர் முன்னால், 4.5 மீட்டர் இடப்பக்கம் தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். வளைவை மென்பொருளே போட்டுக்கொள்ளும், பாயிண்ட் லீவரும் தானாகவே முளைக்கும். அங்கிருந்து பிரதான பாதைக்கு இணையாக 69 வரை நேராகப் போய் நிறுத்துங்கள். 44இலும் இதே வேலை, வலப்பக்கமாக.

கிளை பிரியும் இடத்தைத் தரையோடு தரையாகக் கேமராவை இறக்கிப் பாருங்கள். முறிந்த மாதிரி கோணம் தெரிந்தால் இரண்டாவது புள்ளியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும். நான்கு முனைகளிலும் பஃபர் ஸ்டாப் (பாதை முடியும் இடத்துத் தடுப்பு) வைத்துவிட்டு நீளங்களை மறுபடி அளங்கள், ஏனென்றால் பஃபரும் இடம் பிடிக்கும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள், அழகு அப்புறம்

புல், மரம், வீடு எதுவும் வைக்காமல் இப்போதே ஓட்ட வேண்டும். ட்ரெயின்ஸில் நிலமும் பாதையும் ரூட்டில் சேமிக்கப்படும், ரயில்கள் செஷன் என்று தனியாக. ஆகவே ரயில் வைக்கும் முன் செஷன் லேயரில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வேகன்களோடு இன்னொரு செஷன் செய்ய வசதியாக இருக்கும். நீள சைடிங்கில் 5, ஒரு குட்டை சைடிங்கில் 3, இன்னொன்று காலி, எஞ்சின் நெக்கில். 8 வேகனும் நிறத்திலோ சரக்கிலோ வேறுபட்டுத் தெரிய வேண்டும், நீளம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ட்ரைவரில் டிசிசி என்ற எளிய ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மாடல் ரயில் கன்ட்ரோலர் போல ஒரே ஒரு திருகு, அதுதான் இந்த லேஅவுட்டுக்குப் பொருத்தம். பாயிண்ட் மாற்ற அதன் மேல் தெரியும் அம்புக்குறியைச் சொடுக்கினால் போதும். வேகன்கள் மெதுவாக முட்டினால் தானே சேர்ந்துகொள்ளும். பிரிக்க கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தி, எந்த இணைப்போ அதைச் சொடுக்குங்கள்.

ஒரு விதி நாமாக வைத்துக்கொள்ள வேண்டும்: எஞ்சின் ஒரே நேரத்தில் 3 வேகனுக்கு மேல் இழுத்து வரக்கூடாது. நெக் 29 மீட்டர்தான் என்றாலும், இரண்டாவது பாயிண்டை மட்டும் தாண்டினால் போதும் என்ற நிலையில் 44 மீட்டர் கிடைக்கிறது, அதில் எஞ்சினோடு 5 வேகனை இழுத்துவிடலாம். மென்பொருள் தடுக்காது, நாமே தடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 5: மேஜையாக்குவது

ஓட்டம் சரியாக இருந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். பாதையைச் சுற்றி 110க்கு 30 மீட்டர் செவ்வகத்தை விட்டுவிட்டு மற்ற நிலத்தை 76 மீட்டர் பள்ளமாக இறக்கினால், 1 மீட்டர் உயர மேஜை கிடைத்துவிடும். ஆனால் பல பதிப்புகளில் நிலத்தின் கட்டங்கள் 5 அல்லது 10 மீட்டர் என்பதால் விளிம்பு செங்குத்தாக வராது, சரிந்துதான் இறங்கும். நிஜ லேஅவுட்டில் முன்பக்கம் ஒரு பலகை அடித்து மூடுவார்கள், இங்கேயும் சுவர் அல்லது பலகை மாதிரியான ஸ்ப்லைன் (பாதை போலவே இழுத்து வைக்கும் பொருள்) ஒன்றை விளிம்போடு ஓட்டிச் சரிவை மறைத்துவிடலாம். பின்பக்கம் உயரமான கிடங்குக் கட்டடங்களை வரிசையாக நிறுத்துங்கள். முன்பக்கம் உயரமாக எதுவும் வேண்டாம், வேகன் இணைப்பைச் சொடுக்க முடியாமல் அவதிப்படுவீர்கள். மரங்களில் கை கொஞ்சம் அடங்கட்டும்.

இதில் கை பழகியபின் அடுத்ததாக அமெரிக்கர் ஜான் ஆலனின் டைம்சேவரைப் போடலாம். அதில் 5 பாயிண்ட், நடுவில் எஞ்சின் சுற்றி மறுபக்கம் வர ஒரு லூப். கணக்குப் போடும் முறை இதேதான்: வேகனை அள, ஃபௌலிங் மார்க்கைக் குறி, அப்புறம் பாதை. லூப்பின் நீளத்தை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அங்கே இரண்டு பக்கமும் ஃபௌலிங் மார்க் வரும்.