கடைசி வரியில் ஒளிந்த எண்: அறிவியல் ஸ்லைடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய சுமார் 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியின் வெப்பக் காப்புறையிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், கீழே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து பவர்பாயின்ட் ஸ்லைடுகளாக நாசாவில் காட்டினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடை விபத்து விசாரணை வாரியம் பிறகு தன் அறிக்கையில் தனியாக எடுத்து அலசியது.

அந்த ஸ்லைடின் தலைப்பு, பயப்பட ஒன்றும் இல்லை என்கிற தொனியில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி, உட்புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று வரிவரியாக எழுத்து. விஷயம் கடைசி வரியில்தான் இருந்தது: மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1920 கன அங்குலம், முந்தைய சோதனையில் பயன்படுத்திய துண்டு வெறும் 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! ‘சிக்னிஃபிகன்ட்’ (குறிப்பிடத்தக்க) என்ற சொல் மட்டும் அந்த ஒரு ஸ்லைடில் ஐந்து முறை, இடத்துக்கு ஒரு பொருளில் வந்தது. மூத்த அதிகாரி ஒருவர் இதைப் படித்துவிட்டு, இது உயிர் போகிற விஷயம் என்று உணராமல் போக நிறைய வாய்ப்பு உண்டு என்று வாரியம் சொன்னது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விபத்துக்குக் காரணம் இறக்கையின் முன்விளிம்பில் விழுந்த ஓட்டை, ஸ்லைடு அல்ல. ஆனாலும் மாணவர்களின் ஸ்லைடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வரி நினைவுக்கு வருகிறது. 3 கன அங்குலம் என்பது சுமார் 50 மில்லி, ஒரு எலுமிச்சம்பழம். 1920 கன அங்குலம் என்பது 31 லிட்டருக்கு மேல். வீட்டில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றரை. எலுமிச்சம்பழத்தையும் ஒன்றரை கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ‘இவ்வளவு பெரிய துண்டை நாம் சோதித்ததே இல்லை’ என்று மேலே எழுதியிருந்தால் அந்த அறையில் யாருக்கு விளங்காமல் போயிருக்கும்?

ஸ்லைடை அழகாக்குவது என்றதும் பலர் பின்னணி நிறத்தையும் அனிமேஷனையும் தேடிப் போகிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘வெப்பநிலையும் நெல் விளைச்சலும்’ என்பது புத்தக அத்தியாயத்துக்கு வைக்கும் பெயர். ‘பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் கூடுகிறது’ என்று எழுதினால் கேட்பவருக்கு கிராஃபில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு முழு வாக்கியம் உங்களுக்கே வரவில்லை என்றால், அந்த ஸ்லைடு எதற்கு என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்த தவறு, ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் படத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது. கட்டுரைப் படத்தை வாசகர் கையில் வைத்துப் பத்து நிமிடம் பார்க்கலாம். அரங்கில் அரை நிமிடம்தான். ஆறு கட்டங்கள் கொண்ட படத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்று என்றால், அதை மட்டும் பெரிய எழுத்தில் மறுபடி வரையுங்கள். ‘இங்கே எழுத்து சரியாகத் தெரியாது, மன்னிக்கவும்’ என்று சொல்லும் நிலையே வரக்கூடாது.

பார் கிராஃபில் அச்சை வெட்டுவது ஏறக்குறைய பொய் சொல்வதுதான். ஒரு வழிமுறை 92 சதவீதம் சரியாக வேலை செய்கிறது, இன்னொன்று 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அச்சை 90-இல் தொடங்கினால் ஒரு தூண் 2 அளவு உயரம், மற்றது 5 அளவு; இரண்டரை மடங்கு வித்தியாசம் போலத் தெரியும். தூணின் நீளத்தைத்தான் கண் படிக்கிறது, அதனால் தூண் என்றால் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். கோட்டு கிராஃபுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பூமியின் சராசரி வெப்பநிலையைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் நூறாண்டு வெப்பமயமாதலும் தட்டையான கோடாகிவிடும், அதுவும் ஏமாற்றுதான். முப்பரிமாண பை சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத் துண்டு எப்போதும் பெரிதாகத் தெரியும். விட்டுவிடுங்கள்.

நிறத்தில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. வானவில் நிறங்களில் வரையும் படத்தில் மஞ்சள் மட்டும் பளிச்சென்று முன்னால் வரும். தரவில் இல்லாத எல்லைகள் கண்ணுக்குத் தோன்றும். பைத்தானில் கிராஃப் வரையும் மென்பொருளான மேட்பிளாட்லிப், 2017-இல் வந்த தன் 2.0 பதிப்பில், தானாக வரும் நிறவரிசையாக இருந்த வானவில் வகை ‘ஜெட்’டைக் கைவிட்டு, இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராக ஏறும் ‘விரிடிஸ்’ஸுக்கு மாறியது இதனால்தான். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதும் வேண்டாம். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர் ஒருவராவது அரங்கில் இருக்கலாம். நீலமும் ஆரஞ்சும் போதும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் சரி.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது விட்டுப்போன புள்ளிகள். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு விசாரணை ஆணையம் இரண்டு கிராஃப்களை அறிக்கையில் வைத்தது. முதலாவதில், கலத்தை மேலே தூக்கும் ராக்கெட்டுகளின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் பழுதான முந்தைய பயணங்கள் மட்டும். அதைப் பார்த்தால் குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியாது. இரண்டாவதில் பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்தார்கள். சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. அதைவிடக் குளிரான நான்கு பயணங்களிலும் பழுது, ஒன்றுகூடத் தப்பவில்லை. சேலஞ்சர் கிளம்பியபோது வெளியே 2 டிகிரி. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும் புள்ளிகளும் தரவுதான். கிராஃபை அடைத்துக்கொள்கின்றன என்று அவற்றைத் தூக்கிவிடும் பழக்கம் நம் லேப்களிலும் இருக்கிறது. வேண்டுமானால் வெளிர் சாம்பல் நிறத்தில் வையுங்கள், ஆனால் வையுங்கள். அப்புறம், பிழைக்கோடு போட்டால் அது திட்ட விலக்கமா (தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு நிச்சயமற்றது) என்று அதே ஸ்லைடில் எழுதிவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல, மாதிரிகள் கூடக்கூட இரண்டாவது சுருங்கிக்கொண்டே போகும்.

பேசும் நாளுக்கு முன்னால் வேறு துறை நண்பர் ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்லைடையும் ஐந்து வினாடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். ‘என்ன பார்த்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் தலைப்பும் ஒத்துப்போகாத ஸ்லைடுகளை அன்றைக்கு இரவே மாற்றி வரையுங்கள்.