ஏழு நாள்காட்டித் தாள்கள்: வேலை, ஆய்வு, குடும்பம் மூன்றுக்கும் ஒரு ஞாயிறு மாலைக் கணக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். காவிரிப் படுகையின் நடவுப் பாடல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்து இது நான்காவது ஆண்டு. வீட்டில் கணவரும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், மாமியாரும் நானுமாக நான்கு பேர். வேலையையும் படிப்பையும் வீட்டையும் ஒருசேர நடத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து தங்கள் வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்பதை, இரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் முறையை வைத்துச் சொல்கிறேன். இது திட்டமிடுவதற்கான வழிமுறை என்பதைவிட நடந்ததைக் கணக்குப் பார்க்கும் வழிமுறை என்பதே பொருந்தும். ஆய்வின் முதல் ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுத்த வாரத்துக்கான அட்டவணையை மணிவாரியாகப் போட்டேன். ஒரு வாரம்கூட அது செவ்வாய்க்கிழமையைத் தாண்டியதில்லை. நடந்த வாரத்தை ஒழுங்காகப் பார்க்காமல் வரும் வாரத்தை எழுதிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பது பிறகே விளங்கியது.

முதலில் நாளும் நேரமும். சனிக்கிழமை எனக்குச் சரிப்படவில்லை, ஏனென்றால் பத்தாம் வகுப்புக்குப் பல சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு இருக்கும். ஞாயிறு இரவும் கூடாது, அப்போது கை சீருடையைத் தேய்க்கும், மனம் திங்கட்கிழமைக்குப் போய்விட்டிருக்கும். மாலைத் தேநீருக்குப் பிறகு, ஐந்து மணியிலிருந்து ஐந்து நாற்பது வரை, வீட்டில் எல்லோரும் விழித்திருந்து யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்தை எடுத்துக்கொண்டேன். முதல் அரை மணி நேரம் தனியாக உட்கார வேண்டும், கடைசிப் பத்து நிமிடம் வீட்டாரோடு. நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நீட்டினால் இதுவும் ஒரு வேலையாகி, மூன்றாவது வாரம் நின்றுபோகும்.

அடுத்தது குறிப்பு. ஞாயிறன்று உட்கார்ந்து புதன்கிழமையை நினைவிலிருந்து எடுக்க முயன்றால், கசந்ததும் இனித்ததும் மட்டுமே வரும், மற்றவை எல்லாம் மறந்திருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் நாளுக்கு ஒரு தாள் கிழிப்போம். அந்தத் தாளின் பின்பக்கத்தில் படுக்கும் முன் மூன்று வரி எழுதுகிறேன்: ஆய்வுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்த நேரத்தில் என்ன முடிந்தது, அப்போது வீட்டிலோ பள்ளியிலோ என் வேலையை யார் பார்த்தார்கள். தாள் சிறியது என்பதால் மூன்று வரிக்கு மேல் எழுத இடமில்லை, அதுவே அதன் வசதி. கைப்பேசிச் செயலியிலும் எழுதலாம். ஆனால் கைப்பேசியை எடுத்தால் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போய் நிற்பேன் என்பதால் நான் தாளிலேயே இருந்துவிட்டேன். ஏழு தாளையும் ஒரு கவ்வியில் செருகி வைத்தால் ஞாயிறு மாலை வாரம் முழுவதும் கையில் இருக்கும்.

உட்கார்ந்ததும் முதல் வேலை, அந்த ஏழு தாள்களையும் பார்த்து ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் ஆய்வு நேரத்தைக் கூட்டுவது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். என் கணக்கில் தூக்கத்துக்கு 49, பள்ளிக்கும் போக்குவரத்துக்கும் 45, விடைத்தாள் திருத்தவும் பாடக்குறிப்பு எழுதவும் 6, சமையல், துவையல், குளியல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் நாளுக்கு நான்கு வீதம் 28. மொத்தம் 128 போக 40 மணி நேரம் மிச்சம். காகிதத்தில் இதைப் பார்க்கிற யாருக்கும், நாற்பது மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஆய்வு ஏன் நகரவில்லை என்ற குற்ற உணர்வுதான் வரும். தாள்களைக் கூட்டிப் பார்த்தபோது என் ஆய்வுக்கு உண்மையில் போனது வாரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். அந்த நாற்பதும் ஒரே கட்டியாக இல்லை. பால் காய்வதற்கும் மகள் டியூஷனிலிருந்து வருவதற்கும் இடையில் இருபது, இருபது நிமிடங்களாகச் சிதறிக் கிடந்தது. இந்த உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஒன்பது மணி நேரம் உள்ளவர் ஒன்பது மணி நேரத்துக்கான வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பதுக்கானதை எடுத்துக்கொண்டு வாராவாரம் தோற்கக் கூடாது.

நேரத்தைக் கூட்டும்போது அதில் என்ன முடிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். களத்தில் ஒரு பாட்டியம்மா பாடிய பத்து நிமிடப் பாடலைக் கேட்டு எழுத்தில் இறக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது, வட்டாரச் சொல் ஒன்றில் மாட்டினால் இன்னும் கூடும். மூன்று மாதம் இப்படிக் குறித்த பிறகுதான், நெறியாளரிடம் “இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறேன், ஐயா” என்று வாய்க்கு வந்த தேதியைச் சொல்வதை நிறுத்தினேன்.

இனி, இந்த முறையில் நான் முதன்மையாகக் கருதும் பகுதி. நோட்டின் வலப்பக்கத்தில் ஒரே கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இந்த ஒன்பது மணி நேரத்தை யாரிடமிருந்து வாங்கினேன்? ஆய்வுக்குப் போகும் நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. நம் தூக்கத்திலிருந்து, கணவரின் ஓய்விலிருந்து, பிள்ளையின் மாலையிலிருந்து, பாடவேளையை மாற்றிக்கொண்ட சக ஆசிரியரின் காலியான நேரத்திலிருந்து வருகிறது. நான் இதைக் கைமாற்று என்றே எழுதுகிறேன். கைமாற்றுக்கு வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கொடுத்தவர் கேட்கவும் மாட்டார். அதனாலேயே வாங்கியவர் மறக்காமல் திருப்ப வேண்டும்.

இந்தப் பக்கத்தை நான் தொடங்கியது ஒரு குறிப்பிட்ட ஞாயிறன்று. மாமியாருக்குக் கண்புரை அறுவை முடிந்த இரண்டாவது வாரம் அது. முதல் வாரம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து வேளை என்று குறைந்துகொண்டே வரும் கண் சொட்டு மருந்துக்கு, பீரோக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டி, மருந்து விட்டதும் கட்டத்தில் டிக் அடிப்போம். இரவு எட்டு மணி வேளை என் பொறுப்பு. அன்று என் தாள்களில் நான்கு நாள்கள் “இரவு 7.30 முதல் 9 வரை, பாடல் எழுத்தாக்கம்” என்று இருந்தது. பெருமையோடு கூட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே பீரோக் கதவு. காலை, மதியக் கட்டங்களில் நீல மை. எட்டு மணிக் கட்டத்தில் அந்த நான்கு நாள்களும் பென்சில், டிக்கின் வால் மட்டும் அடுத்த கட்டம்வரை நீண்டிருந்தது. மகளின் கை. என்னைக் கூப்பிட வேண்டாம் என்று பாட்டியும் பேத்தியும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கையைக் கழுவி, நாற்காலியில் ஏறி விளக்கைப் போட்டு, அவர்களே முடித்திருக்கிறார்கள். என் ஆறு மணி நேர ஆய்வின் பின்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி நின்றிருந்தாள் என்பது என் கணக்கில் எங்குமே இல்லை.

அதனால் வலப்பக்கத்தில் பெயரும் நேரமும் குறிப்பாக இருக்க வேண்டும். “குடும்பத்தார் ஒத்துழைத்தார்கள்” என்று எழுதுவது கணக்கு ஆகாது. “வியாழன் இரவுச் சமையல், அவர், ஒன்றேகால் மணி நேரம்”, “வெள்ளி கடைசிப் பாடவேளை, கணித ஆசிரியை”, “செவ்வாய், என் தூக்கம், இரண்டு மணி நேரம்” என்று எழுதுங்கள். உங்கள் உடம்பிடம் வாங்கியதையும் விடாமல் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் உங்கள் தூக்கத்திடமே அதிகம் வாங்கியிருந்தால், அதைச் சுறுசுறுப்பு என்று எண்ணிக்கொள்ளாமல், எந்த வேலையைக் குறைப்பது என்று அன்றே முடிவு செய்ய வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் வீட்டாரோடு. இங்கே கேள்வி கேட்கும் விதம் முக்கியம். “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டால் நம் வீடுகளில் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான். என் மாமியார் “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ படி” என்று முடித்துவிடுவார். அதற்குப் பதிலாக, நோட்டில் எழுதியதையே வாசித்துக்காட்டிக் கேட்க வேண்டும். “அத்தை, இந்த வாரம் எட்டு மணிச் சொட்டு மருந்த நாலு நாள் நான் விடல. வர்ற வாரம் வேற எதுல நான் விடுபட்டுப்போவேன்னு தோணுது?” என்று கேட்டபோதுதான், மருந்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை என்றும், கண் தெளியும்வரை செய்தித்தாளை யாராவது வாசித்துச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். நான் திருப்ப நினைத்தது ஒன்று, அவர் எதிர்பார்த்தது வேறு. கணவரிடம் கேட்டபோது, நான் எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, களப்பணிக்குப் போகும் தேதியை முதல்நாள் இரவில் சொல்லாமல் ஒரு வாரம் முன்பே சொன்னால் போதும் என்றார். எதைத் திருப்புவது என்பதைக் கொடுத்தவரே சொல்லட்டும்.

பள்ளியைப் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும், அதற்கு அதிக நேரம் வேண்டாம். ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணியும் கணக்கெடுப்புப் பணியும் விடைத்தாள் மதிப்பீட்டு முகாமும் வரும். அந்த வாரங்களில் ஆய்வு நேரம் சுழியம் என்று இருந்தால், சுழியம் என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவிட்டு நகருங்கள். அடுத்த வாரம் இரட்டிப்பாக உழைத்து ஈடுகட்டுவதாக எழுதாதீர்கள். அப்படி எழுதிய எந்த வாரமும் எனக்கு நிறைவேறியதில்லை, வீட்டில் கடன்தான் கூடியது.

இவ்வளவும் ஆன பிறகு, வரும் வாரத்துக்கு இரண்டே வரி. ஒன்று, திருப்ப வேண்டிய ஒரு கைமாற்று, யாருக்கு, எந்தக் கிழமை என்பதோடு. இன்னொன்று, இருபது நிமிடத்தில் தொடங்கக்கூடிய ஓர் ஆய்வு வேலை. “மூன்றாம் இயல் எழுத வேண்டும்” என்று எழுதினால் பால் காயும் நேரத்தில் அதைத் தொட முடியாது. “ஒரத்தநாட்டுப் பக்கம் பதிவு செய்த இரண்டாவது பாடலின் முதல் இருபது அடிகளை எழுத்தில் இறக்க வேண்டும்” என்று எழுதினால், அந்த இருபது நிமிடத்தில் கை நேராக அங்கே போகும்.

வாரக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வாரத்துக்குள் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த வாரமும் தேறாது. மாதத்துக்கு ஒருமுறை பழைய நான்கு பக்கங்களைப் புரட்டி, ஆண்டின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று பாருங்கள். என் நிலைமையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. குறுவை நடவு ஜூன், ஜூலையில் நடக்கும், அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கும். நடவுப் பாடலை வயலில் கேட்க வேண்டுமென்றால் எனக்கு அந்த வாரங்களை விட்டால் வேறு வழியில்லை. சம்பா நடவின் ஒரு பகுதியாவது காலாண்டு விடுமுறையை ஒட்டி வருவது என் நல்ல நேரம். எனவே ஜூன், ஜூலையில் வீட்டிடம் அதிகம் வாங்குவேன் என்பது முன்பே தெரிந்த செய்தி, அதை ஏப்ரலிலேயே வீட்டில் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் ஆய்வைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மே மாதம் எழுத்துக்கு, ஆனால் அதில் பத்து நாள் முழுக்க முழுக்க மகளுக்கு.

ஆய்வுக் காலத்தின் மொத்த அளவையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு நீட்டிப்புப் பெறலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு தரலாம். மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள்வரை விடுப்பு தரவும் அதில் இடமுண்டு. பதிவு செய்த ஆண்டையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையும் பொறுத்து இது மாறலாம் என்பதால், ஆய்வுப் பிரிவில் கேட்டு உங்களுக்குப் பொருந்தும் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பல பெண்கள் இந்தத் தளர்வுகள் இருப்பதே தெரியாமல், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுதி, இறுதியில் ஆய்வையே விட்டுவிட்டார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்லி, சுருக்க அறிக்கை தர வேண்டியிருக்கும். அப்போது நோட்டின் இடப்பக்கங்களைத் தேதி வரிசையில் படித்தாலே அறிக்கையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். நாள்காட்டித் தாள்களை மாதக் கடைசியில் எறிந்துவிடலாம், நோட்டை எறியாதீர்கள்.

சென்ற ஞாயிறு என் வலப்பக்கத்தில் நான்கு வரி இருந்தது. நான்காவது வரியை நான் எழுதவில்லை. நோட்டை மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் போடப் போயிருந்த நேரத்தில் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்: “சனிக்கிழமை, பாட்டிக்குப் பேப்பர் படிச்சது, அரை மணி நேரம், நான்.” அதற்கு எதைத் திருப்பலாம் என்று கேட்டேன். சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்கப் புதன்கிழமை கூட வர வேண்டும் என்றாள். எழுதிக்கொண்டேன்.