காயம் ஆறிய முழங்காலுக்கு ஏற்ற காப்பு: மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோருக்கு

முழங்காலில் அடிபட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுத்து, மீண்டும் மலைப்பாதைக்குத் திரும்பும் ஒருவர் கடையில் முதலில் கேட்பது எந்த நீ பேட் (முழங்கால் காப்பு) மிக உறுதியானது என்பதைத்தான். அதற்கு முன்பு தமக்கு ஏற்பட்டது எந்த வகைக் காயம் என்பதை அவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். முழங்கால் காப்பு வெளியிலிருந்து வரும் மோதலையும் உராய்வையும் தாங்குவதற்காகச் செய்யப்படுவது. முழங்கால் சில்லில் விழுந்த விரிசல், சில்லின் முன்னுள்ள நீர்ப்பையின் வீக்கம், கல்லில் தேய்ந்து தையல் போட்ட சிராய்ப்பு போன்றவை மீண்டும் நேராமல் இருக்க அது நேரடியாக உதவும். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பியதால் அறுந்த ஏ.சி.எல். லிகமென்டையோ (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்), கிழிந்த மெனிஸ்கஸையோ (அந்த எலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு) அது காக்காது. மூட்டு முறுக்கிக்கொள்வதை ஓரளவு கட்டுப்படுத்துவது இருபுறமும் கீல் வைத்த நீ பிரேஸ் என்ற முழங்கால் தாங்கிதான். அது தேவையா, எத்தனை மாதங்களுக்குத் தேவை என்பதை அறுவை செய்த மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் முடிவு செய்ய வேண்டும். விற்பனையாளரோ உடன் ஓட்டும் நண்பரோ அல்ல. பிரேஸ் அணியச் சொல்லியிருந்தால் அதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சில பிரேஸ்களில் சில்லை மூடும் கிண்ணம் உடன் இருப்பதால் தனியாகக் காப்பு தேவைப்படாது. வேறு சிலவற்றின் மேல் எந்தக் காப்பும் ஒழுங்காக உட்காராது.

எனக்கு ஏ.சி.எல். சீரமைப்பு, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்து எடுத்த திசுவைக் கொண்டு செய்யப்பட்டது. இம்முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு முழந்தாளிடும்போது மூட்டின் முன்புறம் வலிப்பது பரவலாகக் காணப்படும் தொல்லை. இதை அறியாமல் நான் வாங்கிய முதல் காப்பின் உட்புறத் தையல் சரியாகத் தழும்பின் மேல் அமைந்திருந்தது. ஒரு மணி நேர ஏற்றத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தால் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நிமிர்கிறது. அத்தனை முறையும் அந்தத் தையல் தழும்பை உரசியது. ஆகவே காப்பின் உட்புறத்தை வெளியே திருப்பி, தையல்களும் திண்டின் (மோதலைத் தாங்கும் மெத்தையின்) விளிம்பும் எங்கே விழுகின்றன என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டே அணிந்து பாருங்கள். தழும்பு இன்னும் சிவந்தோ தொட்டால் கூசுவதாகவோ இருந்தால், நழுவாமல் இருக்க ஓரங்களில் ஒட்டப்படும் சிலிக்கோன் பட்டை அதன் மேல் படக் கூடாது.

அளவெடுப்பதில்தான் காயம்பட்டவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். நீண்ட ஓய்வுக்குப் பின் தொடையின் முன்புறத் தசை மெலிந்துவிடுவதால், அடிபட்ட காலும் நல்ல காலும் ஒரே சுற்றளவில் இருப்பதில்லை. அதே நேரத்தில் மூட்டில் எஞ்சியுள்ள வீக்கம் காலையில் குறைந்தும், நடமாடிய பிறகு மாலையில் கூடியும் இருக்கக்கூடும். எனவே இரண்டு கால்களையும் மாலையில், சற்று நடந்த பின் அளக்க வேண்டும். சில்லுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டரில் தொடையையும், கீழே எங்கே கெண்டைக்காலையும் அளப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தந்த அட்டவணையில் சொன்ன இடத்திலேயே நாடாவை வையுங்கள். காப்புகள் ஒரே அளவில் இணையாகவே விற்கப்படுவதால், மேலும் கீழும் வெல்க்ரோ பட்டி உள்ள வகையே இந்த நிலையில் நல்லது என்பது என் கருத்து. பட்டியில்லாத உறைவகை வழுவழுப்பாகவும் இலேசாகவும் இருக்கும். ஆனால் மெலிந்த காலில் நழுவும், தசை திரும்ப வளர்ந்தபின் இறுக்கும். பாதம் மரத்துப்போனாலோ கெண்டைக்காலில் வீக்கம் தெரிந்தாலோ அந்த அளவை விட்டுவிடுங்கள்.

நழுவும் காப்பு காப்பே அல்ல. சரிவில் விழும்போது உடல் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. முதல் மோதலில் காப்பு கீழே தள்ளப்பட்டால், அடுத்த கல்லில் வெறும் சில்லுதான் மோதும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். காப்பை அணிந்து, உட்கார்ந்தபடி முழங்காலைத் தொண்ணூறு பாகை மடக்கி, உள்ளங்கையால் திண்டைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் அழுத்தித் தள்ளுங்கள். பிறகு காலை நீட்டி மறுபடியும் தள்ளுங்கள். இரண்டு நிலையிலும் சில்லு முழுவதும் கிண்ணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மடக்கும்போது முழங்காலின் பின்புறத் துணி கொத்தாகச் சேர்ந்தால், நெடும்பயணத்தில் அங்கே தோல் புண்ணாகும்.

மோதலைத் தாங்கும் திறனுக்கு இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரநிலையைப் பாருங்கள். அது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்காக வகுக்கப்பட்டது என்றாலும், மலைச் சைக்கிளுக்கான காப்புகள் பலவும் அதன்படியே சோதிக்கப்படுகின்றன. சோதனையில் 50 ஜூல் ஆற்றலுடன் திண்டின் மேல் அடி விழும். 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுவதற்கு அது சமம். திண்டின் மறுபக்கத்துக்குக் கடந்து செல்லும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதல் நிலை, 20 கிலோநியூட்டனுக்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. சில்லு உடைந்து சேர்ந்தவர்கள் இரண்டாம் நிலையைத் தேர்வது நல்லது. எந்தக் குறியீடும் இல்லாத மெல்லிய பஞ்சு உறை சிராய்ப்பைத் தடுக்கும். அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

திண்டுகளில் இருவகை உண்டு. டி3ஓ, சாஸ்டெக் போன்ற பொருட்கள் மெதுவாக அழுத்தினால் வளைந்துகொடுத்து, வேகமாக அடிபட்டால் விறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் மிதிப்பதற்கு இவையே வசதி. ஆனால் இவ்வகைத் திண்டுகள் பல குளிரில் கெட்டியாகிவிடும். டிசம்பர், சனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் இரவெல்லாம் காரில் கிடந்த காப்பை விடியலில் அணிந்தால் மரப்பலகைபோல் இருக்கும். அறைக்குள் வைத்திருந்து அணிவதே முறை. கடினமான பிளாஸ்டிக் ஓடு வைத்தவை கூர்மையான பாறையில் வழுக்கிச் செல்வதால், வேகமான இறக்கங்களுக்கு ஏற்றவை, மிதிப்பதற்குச் சுமையானவை. ஆணி முளைத்த தட்டைப் பெடல்களைப் பயன்படுத்துவோர், கால் வழுக்கினால் முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தைக் கிழித்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், கீழ்வரை நீளும் காப்பை எண்ணிப் பார்க்கலாம்.

மூட்டை முழுமையாக மடக்க முடியாதவர்களுக்கு, சுற்றிக் கட்டும் வகையோ பக்கவாட்டில் ஜிப் வைத்த வகையோ பெரும் உதவி. ஷூவைக் கழற்றாமலேயே அணியலாம்; வீக்கம் ஏறுவதை உணர்ந்தால் பாதை ஓரத்திலேயே கழற்றி மூட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உறை இதமாக இருந்தாலும், சமவெளியின் வெயிலில் வியர்வையைத் தேக்கி ஆறாத தோலை ஊற வைத்துவிடும்.

வாங்கியதும் பாதைக்குச் சென்றுவிட வேண்டாம். முதலில் வீட்டில் அரை மணி நேரம் அணிந்து, கழற்றியபின் தோலைக் கவனியுங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாமல் நிலைத்தால் அங்கே அழுத்தம் மிகுதி. அடுத்துச் சமதளச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மாற்றித் தரும் தவணை முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால், பொருந்தாததைத் திருப்பிக் கொடுக்க முடியும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தொடையை மறுபடியும் அளந்து, பட்டிகளைச் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், கழற்றக்கூடிய திண்டாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, உறையை மட்டும் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வலுவாக விழுந்த பின் திண்டை ஒளியில் பிடித்துப் பாருங்கள். வெடிப்போ நிரந்தரப் பள்ளமோ தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.