பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் வாங்கும் முன்

முதலில் மதர்போர்டின் மாடல் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் போர்டிலேயே அச்சிட்டிருக்கும். ரேம் வகை, ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபி, மொத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதன் கையேட்டில் இருக்கும். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் 240 பின்கள்தான், ஆனால் ரேமின் அடி விளிம்பில் வெட்டு இருக்கும் இடம் வேறு. இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடைந்துவிடும்.

பலர் ஏமாறுவது பழைய சர்வர் ரேமில்தான். மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்காரும்; சாதாரண டெஸ்க்டாப்போ பூட் ஆகாது. லேபிளில் ‘ரெஜிஸ்டர்டு’ என்றோ, பிசி3-12800ஆர் என்பதுபோல எண்ணின் கடைசியில் ‘ஆர்’ என்றோ இருந்தால் வாங்கவே வேண்டாம்.

வேகம் பெரிய கவலையில்லை: 1333, 1600 என்ற வேக எண் கொண்ட ரேம்களைக் கலந்து போட்டால் பொதுவாக இரண்டுமே 1333-இல் ஓடும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. மின்சார வயரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஒரு முழுச் சுற்றாவது ஓடட்டும்.